சிராய்த்த பைகளுக்குப் பதில் சொல்ல மலாக்கா போனேன்

ஒரு சிராய்ப்பைப் பார்ப்பதற்காகக் கப்பலேறிக் கடல் கடந்தவன் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் வெளிநாடு போனால் கோட்டை பார்க்கிறார்கள், கடைவீதி பார்க்கிறார்கள். நான் பார்க்கப் போனது மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தொங்குகிற ஒரு ஜோடித் தோல் பையை. தைத்தவன் நானேதான்.

திண்டுக்கல்லில் நாலு பேர் உட்கார்ந்து தைக்கிற கொட்டகை எங்களுடையது. மலாக்காவில் காஜா பெராங் என்ற இடத்தில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் என் அக்காள் கணவர் கருப்பையா, தன் வாடிக்கைக்காரரான ஒரு டிரஸ்ஸருக்காக ஒரு ஜோடி அனுப்பச் சொன்னார். அது பிடித்திருந்தால் அவரைப் போன்ற இன்னும் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு ஜோடி என்று பேச்சு. அந்தப் பன்னிரண்டை நம்பித்தான் நாலு பேரும் குத்தூசியைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது.

“மாப்பிள்ளை, பை இரண்டும் பூனை பிறாண்டின மாதிரி ஆகிவிட்டது. டிரஸ்ஸர் ஐயா ரொம்பக் கோபமாக இருக்கிறார். பண்டார் ஹிலிரில் ஒரு கடையில் கித்தான் பை வந்திருக்கிறதாம். அவர் அதை வாங்கினால் மற்ற பன்னிரண்டு பேரும் அதைத்தான் வாங்குவார்கள். நீ நேரில் வந்து பதில் சொல்.”

நான் இயல்பிலேயே கவலைப்படுகிறவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றதும் கவலையால்தான். ஆறாம் வகுப்பு வாத்தியார் காதைத் திருகுவார் என்று யாரோ சொன்னார்கள். நான் போகவே இல்லை. அப்படிப்பட்டவனைக் கடல் கடந்து வந்து பதில் சொல் என்றால் எப்படி இருக்கும்? ஆனால் ஒன்று. என்னைத் திட்டினால் தலையைக் குனிந்துகொள்வேன். என் தோலைத் திட்டினால் குனியமாட்டேன். ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, மெழுகு நூலில் இரட்டைத் தையல் போட்ட பை அது. சும்மா சிராயாது.

மலாக்காவுக்குள் பஸ் நுழைந்தபோது நல்ல மழை. மாதிரிக்காகக் கொண்டுபோயிருந்த புது ஜோடியை இரண்டு வேட்டிகளில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். மேலே போட்டால் இரும்புக் கம்பி உரசும், கீழே வைத்தால் செருப்புக்கால் படும். பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண்மணி என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு அவளுடைய தோழியிடம் ஏதோ சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. பின்சீட்டுத் தமிழர் ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார். “பிள்ளை பொறந்து எத்தன நாளாச்சு, தாய் எங்கேன்னு கேக்குறாங்கண்ணே.”

கண்டக்டர் வந்து பொட்டலத்தைத் தட்டிப் பார்த்தார். அதற்கும் டிக்கெட் வேண்டுமோ என்று மடிக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் “அழாமல் வருகிறது, நல்ல பிள்ளை” என்றாராம். மறுபடியும் சிரிப்பு. சிரிக்கட்டும். எல்லோரும் இறங்கிய பிறகு பார்த்தேன்: ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு கீறல் இல்லை.

சுதந்திரம் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கடைகளின் முகப்பில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மலாயில் விடுதலைக்குச் சொல்கிற மெர்டேக்கா என்ற சொல்லைச் சுவர்களில் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்கள் ஊரிலும் பத்து வருஷத்துக்கு முன் இப்படித்தான் இருந்தது; அப்போதும் கொடி கட்டிய மறுவாரம் மழை வந்தது.

அக்காள் வீடு பட்டறைக்குப் பின்கட்டு. சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு கருஞ்சிவப்புத் துவையலை வைத்தாள். கூனி இறாலை உப்புப் போட்டுப் புளிக்கவைத்து இடித்த பிளாச்சானில் மிளகாய் சேர்த்து அரைத்தது. வாசனை எங்கள் தோல் ஊறும் தொட்டியை அப்படியே நினைவுபடுத்தியது. முதல் கவளத்தில் முகம் சுளித்தேன். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

“சாப்பாட்டுல மட்டும் பயமில்ல உனக்கு” என்றாள் அக்காள்.

மச்சான் கை கழுவிக்கொண்டே சொன்னார்: “நாளைக்கு டிரஸ்ஸர் ஐயா வீட்டுக்குப் போறோம் மாப்ள. அவர் பேச்சுக்கு இங்க மதிப்பு ஜாஸ்தி. நீ எதுத்துப் பேசாத. ஆமா தப்புத்தான், வேற தச்சுத் தாரேன்னு சொல்லிடு. முடிஞ்சிச்சு.”

“தப்பு இல்லேன்னா?”

“பைய பாத்துட்டுப் பேசு.”

மறுநாள் காலை பார்த்தேன்.

டிரஸ்ஸர் என்றால் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களுக்கு மருந்து கொடுக்கிறவர். இவர் பெயர் ஆறுமுகப் பிள்ளை. வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே மாரியம்மன் படம், அவர் நெற்றியில் திருநீறு. “வணக்கம்யா” என்றேன். அவர் மலாயில் பதில் சொன்னார். சேலை கட்டாமல் சாரோங்கும் பூப்போட்ட நீளச் சட்டையும் போட்டிருந்த அவர் மனைவியும் மலாயிலேயே பேசினார். மச்சான் என் காதில் சொன்னார்: “மலாக்காச் செட்டிங்க. நம்ம ஆளுங்கதான், பல தலைமுறைக்கு முன்னயே வந்து தங்கிட்டாங்க. சாமி நம்ம சாமி, பேச்சு மட்டும் மலாய்.”

ஆனாலும் டிரஸ்ஸருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. காய்ச்சல், இருமல், வயித்துவலி, எத்தன நாளா, நாக்க நீட்டு. இவ்வளவும் தெரியும். தோட்டத்து நோயாளிகளிடம் கற்ற தமிழ். என் முகத்தைக் கூர்ந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் தமிழ்க் கேள்வி: “என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலீங்க. பயம்தான்” என்றேன்.

படியில் தயங்கி நின்றேன். எங்கள் ஊரில் தோல் வேலைக்காரன் பெரிய வீடுகளில் வாசலோடு நிற்கவேண்டும். கால் தானாக நின்றுவிட்டது. அந்த அம்மாள் என்னவோ சொல்லி நாற்காலியை இழுத்து நடுக்கூடத்தில் போட்டார். “வெயில்ல நின்னா இன்னொரு நோயாளியாச்சு, உள்ள வந்து உக்காரச் சொல்றாங்க” என்றார் மச்சான். உட்கார்ந்தேன். தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றை வாழையிலையில் மடித்து, மேலே மிளகாய்ச் சம்பாலும் பொரித்த நெத்திலியும் வைத்துக் கையில் கொடுத்தார்கள். காலை ஏழரை மணிக்குச் சோறு! எங்கள் பக்கத்தில் அந்த நேரத்துக்குப் பழையதும் வெங்காயமும்தான். கோப்பி மட்டும் பாலில்லாமல் கறுப்பாக இருந்தது. குடித்தேன்.

பிறகு டிரஸ்ஸர் பைகளைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். எறியவில்லை. எறிந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இரண்டு பைகளின் வெளிப்பக்கத்திலும் நாலைந்து கோடுகள், ஒரே உயரத்தில், முன்னிருந்து பின்னாக. மேல்தோல் கிழிந்து உள்ளே வெளுத்திருந்தது.

அவர் மலாயில் நிதானமாகச் சொன்னதை மச்சான் தயங்கித் தயங்கித் தமிழாக்கினார்: “உன் தோல் இந்த ஊர் மழைக்கு ஊறிப்போச்சு. ஊறின தோல் எதில் பட்டாலும் கிழியும். நான் கோபத்தில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கித்தான் பை வாங்கப் போகிறேன்.”

அன்று செவ்வாய்.

மச்சான் என் தொடையைக் கிள்ளினார். தப்புத்தான் என்று சொல்லவேண்டிய இடம் அது. நான் பையை மடியில் எடுத்து, நகத்தால் ஒரு கீறலைச் சுரண்டினேன். செம்பழுப்பாக ஒரு பொடி வந்தது. செம்மண்ணாக இருக்கலாம். நாக்கில் வைத்துப் பார்த்தேன். மண் இல்லை. துரு.

“இது இரும்பு கிழிச்சது. மழை இல்ல” என்றேன். “ஊறின தோல் சுருங்கும், கறுக்கும். இது கறுக்கவே இல்ல. ஐயாவ நாளைக்கு வண்டியில என்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க மச்சான். எங்க உரசுதுன்னு காட்டுறேன். காட்டலேன்னா கித்தானே வாங்கிக்கட்டும்.”

மச்சான் அதில் பாதியைத்தான் மொழிபெயர்த்திருப்பார் என்று நினைக்கிறேன். டிரஸ்ஸர் பொடி ஒட்டிய என் நாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்தார்.

புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பழைய பைகளைக் கழற்றிவிட்டு நான் கொண்டுபோன புது ஜோடியை மாட்டச் சொன்னேன். இது என் துணிச்சல் இல்லை, கணக்கு. புதுத்தோலில் விழும் முதல் கீறல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் பின்னால் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் இரண்டு பைகள் மேலும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மரத்தையும் மாட்டுவண்டியையும் எதிரியாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

செங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வழி. தார் ரோடு முடிந்து சேறு தொடங்கிய வளைவில் வண்டி சறுக்கியது. டிரஸ்ஸர் காலை ஊன்றிக்கொண்டார். நான் இடதுபக்கமாக விழுந்தேன், பைக்கும் மண்ணுக்கும் நடுவில். முழங்கால் தோல் போயிற்று. எழுந்தவுடன் பையைத் துடைத்துப் பார்த்தேன். கீறல் இல்லை.

“பாருங்க!” என்று கத்தினேன். “விழுந்தும் ஒண்ணும் ஆகல!”

டிரஸ்ஸர் என் முழங்காலைக் காட்டி, “எத்தன நாளா?” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அந்த இடத்திலேயே டிங்க்சர் தடவினார். எரிச்சலில் நான் எங்கள் ஊர்த் தெய்வங்கள் எல்லாரையும் கூப்பிட்டேன்.

தோட்டத்து வாசலில் விடை இருந்தது.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி ஆளுயரத்துக்கு முள்கம்பி வேலி. காட்டுக்குள் இருந்த கொரில்லாக்காரர்களுக்கு அரிசியோ மருந்தோ போய்விடக்கூடாது என்று வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலத்தில் கட்டியது. லாரி போகும் அளவுக்குப் பெரிய இரும்பு கேட்டு ஒன்று. அதன் பக்கத்தில், ஆட்களை ஒவ்வொருவராகச் சோதனை போடுவதற்காக விட்ட ஒரு சந்து. சந்தின் ஒரு பக்கம் காவல் கூண்டின் பலகை. மறுபக்கம் மரத்தூண், தூண் முழுக்கச் சுற்றிய துருப்பிடித்த முள்கம்பி. டிரஸ்ஸர் இறங்கி, கைப்பிடியைத் திருப்பி, வண்டியைச் சந்துக்குள் தள்ளினார். இடதுபை தூணை உரசியது. அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. திரும்பி வரும்போது வலதுபை உரசும். இரண்டு பையிலும் ஒரே உயரம், முன்னிருந்து பின்னாக.

“ஐயா நிறுத்துங்க!”

காவலுக்கு இருந்தவரை அங்கே ஜாகா என்கிறார்கள். அறுபது வயதுத் தமிழர், முனியாண்டி என்று பெயர். அவரிடம் கேட்டேன்: “சோதன போடுறீங்களா இப்பவும்?”

“சோதனயா? அதெல்லாம் இந்தப் பக்கம் நின்னு நாலு வருசமாச்சே.”

“பின்ன எதுக்கு இந்தச் சந்துல வுடுறீங்க? பெரிய கேட்ட திறக்கலாமே.”

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அது துரை காருக்கும் லாரிக்கும். மத்தவங்க இதுலதான். எப்பவும் அப்படித்தான்.”

“இந்தக் கம்பியையாவது சுத்தி எடுத்துடுங்க.”

“துரை கம்பி. நீ கைய வச்சா என் வேலை போயிரும்.”

இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை. சோதனை போய்விட்டது, சந்து போகவில்லை. அத்தனை பேரும் அத்தனை வருஷமாக அதில் ஒடுங்கி ஒடுங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். டிரஸ்ஸர் மூன்று மாதமாக அதே தூணில் உரசிவிட்டு, தோலைக் குறை சொல்லியிருக்கிறார். கேட்டைக் குறை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

டிரஸ்ஸர் அந்தத் தூணையும் புதுப்பையில் விழுந்த கீறலையும் மாறிமாறிப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. திரும்பும்போது வலதுபையும் உரசியது. அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மச்சானிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “தோல் நல்ல தோல். ஆனால் நான் போகவேண்டிய வழி அதுதான். கிழியாமல் செய்ய முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் செய்யச் சொல்.”

ஆக, ஜெயித்தும் தோற்ற நிலைமை. வியாழக்கிழமை முழுவதும் பட்டறையில் இருந்தோம். மேலே இன்னொரு தோல் ஒட்டலாமா என்றேன். அதுவும் கிழியும் என்றார் மச்சான். டயர் ரப்பரை வெட்டி மாட்டலாமா என்றார். முள்ளில் சிக்கி வண்டியை இழுக்கும் என்றேன். கடைசியில் மச்சான் பழைய இரும்புக் குழாயை வளைத்து, பட்டையில் பற்றவைத்து, பைக்கு வெளியே அரை வளையமாக நிற்கும்படி இரண்டு பக்கமும் மறை போட்டு மாட்டினார். எது வந்து மோதினாலும் வளையத்தில்தான் மோதும். பையைத் தொடாது. நான் நூலைப் பிடித்துப் பைக்கும் வளையத்துக்கும் இடைவெளியை ஏழெட்டுத் தடவை அளந்தேன். ஒரு மயிரிழை பிசகில்லை. இரண்டு பேரும் கோப்பி குடித்துக்கொண்டே அந்த வளையத்தை ரசித்தோம்.

வெள்ளிக்கிழமை காலை சந்தின் முன்னால் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. பையை அளந்தோம், வளையத்தை அளந்தோம். சந்தை அளக்கவில்லை.

வண்டி பாதியில் நின்றுவிட்டது. இரண்டு வளையமும் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டன. டிரஸ்ஸர் பின்னால் இழுத்தார். மறுபடி தள்ளினார். டங்கென்று சத்தம். முனியாண்டி கூண்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

“நல்லா தச்சே போ! வண்டிக்கு ஒட்டியாணமா?”

உள்ளே அரை மைலில் லயத்து ஆஸ்பத்திரிக் கொட்டகை. அங்கே ஜனங்கள் காத்திருப்பார்கள். தாமதத்துக்கு நான்தான் காரணம். டிரஸ்ஸர் கித்தான் கடைக்குப் போகப்போகிறார். ஊரில் நாலு பேர். இதெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. மச்சான் கொடுத்தனுப்பிய ஸ்பேனர் என் சட்டைப்பையில் இருந்தது. இரண்டு மறையைக் கழற்றினால் வளையம் வந்துவிடும். கையை விட்டு ஸ்பேனரை எடுக்கவும் எடுத்தேன்.

“கழட்டு, கழட்டு” என்றார் முனியாண்டி. “அப்படி என்ன பெரிய பை. நீ என்ன ஆளுப்பா, ஊர்ல?”

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்டுத் தலைகுனிந்த கேள்வி. கடல் தாண்டியும் வந்து நிற்கிறது.

“தோல் தைக்கிற ஆளு” என்றேன். “தலமுற தலமுறயா. நான் தச்சத நானே கிழிக்கமாட்டேன். மறையும் கழட்டமாட்டேன். நீங்க கேட்ட திறங்க.”

ஸ்பேனரைத் திரும்பச் சட்டைப்பைக்குள் போட்டேன். பெரிய கேட்டின் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

“துரை பாத்தா?”

“பாக்கட்டும்.”

டிரஸ்ஸர் எங்கள் தமிழ் புரியாமல் இரண்டு பேரையும் பார்த்தார். புரிந்திருக்கவும் கூடும். அவர் வண்டியைச் சந்திலிருந்து பின்னால் இழுத்தார். திரும்பிப் போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைப் பெரிய கேட்டின் முன்னால் கொண்டுவந்து, ஸ்டாண்டு போட்டு, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. வெயில் ஏறிற்று. மருந்துக்குக் காத்திருந்தவர்கள் வண்டிச் சத்தம் கேட்டும் ஆளைக் காணோமே என்று நடந்தே வந்துவிட்டார்கள். ஏழெட்டுப் பெண்கள், இடுப்பில் குழந்தைகள். முன்னால் வந்தவள் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அஞ்சலை. தோளில் சுருண்டிருந்த குழந்தைக்குக் காய்ச்சல். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் கேட்டாள்: “என்னா தாத்தா, டிரஸ்ஸர வெளிய நிக்க வச்சிருக்கீங்க?”

“வண்டி சந்துல நுழையல. நான் என்னா பண்ண?”

“சாவி?”

“இடுப்புலதான் இருக்கு.”

“அப்பறம்?”

“துரை காருக்குத்தான் அது...”

“மெர்டேக்கா வந்து மூணு மாசமாச்சு தாத்தா. இந்த கேட்டுக்கு மட்டும் இன்னும் யாரும் சொல்லலியா?”

பெண்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி, “ஒங்க பேரனுக்கு இருமல் மருந்து வேணுமா வேணாமா?” என்றாள். முனியாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்போது எனக்கு அவர்மேல் கோபம் போய்விட்டது. என்னைப் போலவே அவரும் வேலைக்குப் பயந்த மனுஷன்.

“துரை கேட்டா நான் என்னா சொல்ல?” என்று டிரஸ்ஸரைப் பார்த்துக் கேட்டார், இந்தத் தடவை மலாயில். டிரஸ்ஸரின் பதிலை எனக்கு அஞ்சலைதான் சத்தமாகத் தமிழில் சொன்னாள்: “துரை கேட்டா எங்கிட்ட வந்து கேக்கட்டும்னு சொல்றாரு!”

சாவி திரும்பியது. தினமும் துரையின் காருக்குத் திறக்கிற கேட்டு. எண்ணெய் போட்டிருந்தது, முனகவே இல்லை. டிரஸ்ஸர் வண்டியைக் கிளப்பி, இரண்டு பக்கமும் ஒரு கை நீளம் இடம் விட்டு, நட்டநடுவில் போனார். அவருக்குப் பின்னால், சந்தில் போய்ப் பழகியவன் நான் இல்லை என்றாலும், கைகளை அகட்டி வைத்துக்கொண்டு நடந்தேன். பகல் ஒரு மணிக்குத் திரும்பி வரும்போது கேட்டு பழையபடி பூட்டியிருந்தது. டிரஸ்ஸர் இறங்கவில்லை. ஹாரனை ஒருமுறை அடித்தார். முனியாண்டி வாயைத் திறக்காமல் கேட்டைத் திறந்தார்.

நேராகப் பட்டறைக்கு வந்தோம். டிரஸ்ஸர் பைகளை ஒருமுறை தடவிப் பார்த்தார். புதன்கிழமைக் கீறல்கள் மட்டும்தான். புதிதாக ஒன்றும் இல்லை. மருந்துச் சீட்டு எழுதும் தாளை எடுத்து, பன்னிரண்டு ஜோடி, பன்னிரண்டு ஜோடி வளையம் என்று எழுதி மச்சானிடம் நீட்டினார். மற்றவர்களும் இதே மாதிரித் தோட்டங்களுக்குப் போகிறவர்கள்தானே.

மச்சானுக்குச் சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. “வளையத்த ரெண்டு விரக்கட உள்ள தள்ளிப் பத்தவச்சுடறேன்யா, அப்புறம் சந்துலயும் சுலபமா நுழையும்” என்று மலாயில் அவரிடம் சொல்லிவிட்டு, தமிழில் என்னிடமும் சொன்னார்.

டிரஸ்ஸர் தலையை ஆட்டினார். ஒரே சொல்தான் சொன்னார். அதை மொழிபெயர்க்க மச்சான் தேவைப்படவில்லை: வேண்டாம்.

மச்சான் சாக்குக்கட்டியை எடுத்துப் பட்டறைச் சுவரில் வளையத்தின் அகலத்துக்கு நீளமாகக் கோடு போட்டார். பன்னிரண்டும் அந்தக் கோட்டின் இரண்டு நுனியையும் தொடவேண்டும், ஒரு நூல் குறைந்தாலும் என் பையை அதில் மாட்டக்கூடாது என்று அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் நான் கப்பலேறினேன்.